பில்லு போட்டு ரெண்டு

வில்லியம்: ...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்கறேன், இப்பல்லாம் ஜனங்களுக்கு வாய் எங்க போச்சு? டை கட்னவன், கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்குது, மருந்துக் கடைக்கு வந்து கடைக்காரன் காதுல குசுகுசுன்றான். நீயும் தலைய ஆட்ற. கறுப்புக் கவர்ல எத்தையோ சுருட்டிக் குடுக்கற. பில்லு இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்துல கள்ளச்சாராயம் வித்தவன்கூட இத்தினி பம்மல.

கணேசமூர்த்தி: வே பெரியவரே, உமக்கு என்ன வேணும்? அதச் சொல்லும். பின்னாடி ஆளுக நிக்காவ.

வில்லியம்: ஆளா? என் பின்னால ஒரு நாயிதான் கீது. அதுக்கு எதனா வேணுமான்னு கேளு.

கணேசமூர்த்தி: வஜீஹா, இவருக்கு என்னன்னு பாரு. பிரஷர் மாத்திரையா இருக்கும்.

வஜீஹா: சொல்லுங்க தாத்தா. சீட்டு வெச்சிருக்கீங்களா?

வில்லியம்: சீட்டும் இல்ல, தாத்தாவும் இல்ல. அந்த டைக்காரன் வாங்கினு போனானே, அதான் எனக்கும். ரெண்டு குடு. பில்லு போட்டுக் குடு.

கணேசமூர்த்தி: அவன் வாங்கிட்டுப் போனது தலவலித் தைலம் வே.

வில்லியம்: தலவலிக்கு எதுக்கு நைனா கறுப்புக் கவரு? 'ராத்திரி கொஞ்சம் மிஸ்டேக் ஆயிடுச்சு அண்ணாச்சி, மறுநாள் போடறது ஒண்ணு'ன்னான். எனக்குக் கண்ணுதான் மங்கல். காது சுத்தமா கீது.

கணேசமூர்த்தி: சத்தத்தக் கொறையும்.

வில்லியம்: எதுக்கு கொறைக்கணும்? திருடவா வந்தேன்? புள்ள உண்டாவாம தடுக்கற மாத்திரை. மறுநாள் முழுங்கறது. ரெண்டு அட்டை.

கணேசமூர்த்தி: அந்த மாதிரி சரக்கெல்லாம் நம்ம கடையில கிடையாது.

வில்லியம்: அப்ப அவனுக்குக் குடுத்தது?

கணேசமூர்த்தி: அது... அது கடைசி.

வில்லியம்: மொத கிடையாதுன்ன. இப்ப கடைசின்ற. இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன்னு வையி, இது மருந்துக் கடையே இல்லன்னுவ.

கணேசமூர்த்தி: சரி வே, யாருக்கு அது?

வில்லியம்: அவன்கிட்ட கேட்டியா யாருக்குன்னு?

கணேசமூர்த்தி: அவன் வயசுப் பையன். கேக்க என்ன இருக்கு?

வில்லியம்: எம் பொண்டாட்டிக்கு.

கணேசமூர்த்தி: ...யாருக்கு?

வில்லியம்: பொண்டாட்டிக்கு. பேரு நோரா. சாந்தோம்ல ஊரறிய கட்னவ.

கணேசமூர்த்தி: உமக்கு வயசு என்ன?

வில்லியம்: எழுவத்தியொண்ணு.

கணேசமூர்த்தி: முருகா... சரி, ஒண்ணு போதாதாக்கும்? ரெண்டு எதுக்கு? ரெண்டு பொண்டாட்டியா?

வில்லியம்: உன் சாமிக்கு ரெண்டுன்னா கன்னத்துல போட்டுக்கற. எனக்குன்னா சிரிப்பு வருதா?

வஜீஹா: ஐயா, கோச்சுக்காதீங்க. அம்மாவுக்கு என்ன வயசு?

வில்லியம்: அறுவத்தியாறு.

வஜீஹா: மாசாமாசம் வர்றது அவங்களுக்கு நின்னிருக்குமே.

வில்லியம்: அதுக்கும் இதுக்கும் இன்னா?

வஜீஹா: அது நின்னு போனவங்களுக்கு இந்த மாத்திரை தேவையே இல்லங்க ஐயா. அவங்களுக்கு உண்டாவறதுக்கு வழியே இல்ல. தடுக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல.

வில்லியம்: ...அப்டியா.

வஜீஹா: ஆமா.

வில்லியம்: அப்ப முப்பத்தியாறு.

கணேசமூர்த்தி: என்ன வே, பொண்டாட்டி வயச ஏலம் விடுதீரு?

வில்லியம்: ரெண்டாந்தாரம்னு வெச்சிக்கோ. உனக்கு இன்னா நட்டம்? சிரிக்கறதுன்னா நல்லா சிரி. சிரிச்சு முடிச்சிட்டு எடுத்துக் குடு.

கணேசமூர்த்தி: இந்த வயசுல உமக்கு வெக்கமா இல்லியா?

வில்லியம்: எனக்கா? இல்ல.

கணேசமூர்த்தி: சாந்தோம்னு சொல்லுதீரு. அங்கன மருந்துக் கடை இல்லாமயா மேற்கு மாம்பலம் வரைக்கும் வந்தீரு?

வில்லியம்: கீது. அங்க கேட்டா ஞாயித்துக்கெழம பூசை முடியறதுக்குள்ள கோயில் பூரா தெரிஞ்சிடும். மெடிக்கல்காரன் தங்கச்சி ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கறா. அவன் மச்சான் கொயர்ல பாடறான்.

கணேசமூர்த்தி: பாத்தீரா. அப்ப உமக்கும் வெக்கம் இருக்கு.

வில்லியம்: எனக்கு இல்லன்னேனே... எனக்கு இல்ல.

வஜீஹா: அண்ணாச்சி, விடுங்க.

கணேசமூர்த்தி: நீ சும்மா இரு. வே, ரங்கநாதன் தெருப் பக்கமா போனீருன்னா கடைக்குக் கடை விப்பானுவ. அங்க போய்க் கேளும். இது குடும்பத்து ஆளுக வார கடை. எம் பொஞ்சாதி பேர்ல வச்ச கடை. வடிவு மெடிக்கல்ஸ்னு போர்டு பாத்தீருல்லா?

வில்லியம்: பாத்தேன். அதுக்குப் பின்னால கறுப்புக் கவரு தொங்கறதையும் பாத்தேன். நான் வேற கடைக்குப் போவல. இங்கதான் வாங்குவேன்.

கணேசமூர்த்தி: அது என்ன பிடிவாதம்?

வில்லியம்: அது அப்டித்தான்.

கணேசமூர்த்தி: உள்ளதச் சொல்லுதேன், கேட்டுக்கிடும். ஆம்பளப் பயலுக வந்து கெஞ்சினானுவன்னா ஏதோ பாவம்னு குடுப்பேன். இல்லேங்கல. பொம்பளைக நேரா வந்து நின்னா குடுக்க மாட்டேன். அதுல ஒரு கணக்கு வச்சிருக்கேன். இன்னைக்குக் காலையில ஒருத்தி வந்தா. பாக்க டீச்சர் மாதிரி, காட்டன் சேலை, கண்ணாடி. உம்மள மாதிரியே சத்தமா கேக்கா. பக்கத்துல ரெண்டு மாமிக நிக்காவ. நான் என்ன கேட்டேன் தெரியுமா?

வஜீஹா: அண்ணாச்சி, அத எதுக்கு இப்ப...

கணேசமூர்த்தி: கழுத்துல ஒண்ணையும் காணமே, யாருக்கும்மா மாத்திரை, புருசன் எங்கன்னு கேட்டேன். மூஞ்சி அப்படியே செத்துப் போச்சு. ஓடியே போயிட்டா.

வில்லியம்: ஓடினாளா?

வஜீஹா: ஓடல. நடந்துதான் போனாங்க.

கணேசமூர்த்தி: ரெண்டும் ஒண்ணுதான்.

வஜீஹா: ஒண்ணு இல்ல அண்ணாச்சி. நான் பாத்துட்டு இருந்தேன். தண்ணி பாட்டில எடுத்து பையில வெச்சாங்க, கண்ணாடியத் தொடச்சிப் போட்டுக்கிட்டாங்க, நடந்து போனாங்க.

வில்லியம்: நீ இன்னாம்மா பண்ண அப்ப? கவுன்டர்ல நின்னியே. உன் வாய் எங்க போச்சு?

வஜீஹா: அப்ப வரல ஐயா. ரெண்டு மாமி, அண்ணாச்சி, எல்லாரும் என்னையே பாத்தாங்க. வாய் வரல.

வில்லியம்: வரலன்றா. எல்லாரும் இதான் சொல்றீங்க. ஸ்டூல எடு.

கணேசமூர்த்தி: எதுக்கு?

வில்லியம்: உக்காரத்தான். முட்டி வலிக்குது. ரெண்டு அட்டை வர்ற வரைக்கும் உக்காந்துக்கறேன். மருந்து வாங்க வர்றவங்ககிட்டலாம் சும்மா பேசிக்கினு இருப்பேன். 'இன்னாம்மா, காய்ச்சலா? அண்ணாச்சி கடையில ஆம்பள வந்து காதுல ஊதினா மாத்திரை உண்டு, பொம்பள வாயத் தொறந்து கேட்டா தாலியக் காட்டணும், தெரியுமா?'ன்னு.

கணேசமூர்த்தி: வே, எதுத்த மாடியில ஸ்லோக கிளாஸ் விடுத நேரம். மாமிமாரு பூரா இந்த வழியாத்தான் எறங்குவாவ.

வில்லியம்: நல்லதாப் போச்சு. ஒரே தடவைல சொல்லிடலாம். தனித்தனியா சொன்னா தொண்ட கட்டும்.

கணேசமூர்த்தி: போலீசக் கூப்பிடுவேன்.

வில்லியம்: கூப்டு. அவங்கிட்டயும் சொல்றேன். பில்லு இல்லாம வித்தது அவனுக்கும் புடிக்கும்.

வஜீஹா: அண்ணாச்சி, மூணாவது தட்டுல இருக்கு. ஆறு அட்டை. நேத்து நாந்தான் அடுக்கினேன்.

கணேசமூர்த்தி: ஏ புள்ள.

வஜீஹா: சீட்டு இல்லாமயே விக்கலாம் இத. யாரு கேட்டாலும் குடுக்கலாம். தாலிய பாக்கணும்னு எங்கயும் எழுதல.

கணேசமூர்த்தி: நீ எனக்குச் சொல்லித் தாரியா? நாளையில இருந்து வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.

வஜீஹா: பாருங்க. உங்க தலைக்கு மேல செவுத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கே, அந்த சர்டிபிகேட் யார் பேர்ல இருக்கு? என் பேர்ல. அத நான் கழட்டிட்டுப் போனா, அடுத்த ஃபார்மசிஸ்ட் வந்து எல்லாம் மாத்தற வரைக்கும் ஷட்டர் கீழதான் இருக்கும். அப்பளம் விக்கலாம். மருந்து விக்க முடியாது.

வில்லியம்: இப்ப வருது வாய்.

வஜீஹா: காலைல வராதது, ஐயா. அதான் இப்ப சேத்து வருது.

கணேசமூர்த்தி: என்னமும் செய்யுங்க. ரெண்டு பேரும் சேந்து கடைய நாறடிங்க. நான் ஒண்ணும் பாக்கல. கணக்கு போட்டுக்கிட்டிருக்கேன்.

வில்லியம்: போடு போடு. ...இந்தாம்மா, எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லு. இது உள்ள போயி இன்னா பண்ணும்? கம்பெனிக்காரன் பாஷைல சொல்லாத. எனக்குப் புரியற மாரி சொல்லு. நாலாங்கிளாஸோட நின்னவன் நான்.

வஜீஹா: பொம்பளைங்களுக்கு மாசம் ஒரு தடவ உள்ள ஒரு முட்டை வெளிய வரும். ஆம்பளையோடது அதோட சேந்தாத்தான் உண்டாவும். இந்த மாத்திரை போட்டா, அந்த முட்டை ஒடனே வராது. சில நாள் தள்ளிப் போவும். அதுக்குள்ள ஆம்பளையோடது உள்ள செத்துடும். சேர ஆள் இல்ல. அவ்ளோதான்.

வில்லியம்: முட்டையா?

வஜீஹா: முட்டைதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது.

வில்லியம்: யார்கிட்ட வந்து முட்டைக் கதை சொல்ற? நாப்பது வருசம் முட்டை வித்தவன் நான். சாந்தோம்ல முட்டைக்கார வில்லியம்னா சின்னப் புள்ள வழி காட்டும். முட்டை வர்ற நேரத்துக்கு வரும். மாத்திரையெல்லாம் போட்டு நிறுத்த முடியாது.

வஜீஹா: வாங்கி வித்தீங்களா, கோழி வளத்தீங்களா?

வில்லியம்: ரெண்டும்தான். மொட்டமாடில நாட்டுக்கோழி கெடந்துச்சு.

வஜீஹா: அடைக்கு உக்காந்த கோழி முட்டை போடுமா?

வில்லியம்: ...போடாது.

வஜீஹா: ஏன்?

வில்லியம்: அது அடைல கீதுல்ல. ஒடம்பு சூடாயிடும். நின்னு போவும்.

வஜீஹா: யாரு நிறுத்தினா?

வில்லியம்: யாரு நிறுத்துவா, அதுவா நிக்கும்.

வஜீஹா: அதோட ஒடம்புல ஒண்ணு ஊறி 'இப்ப வேணாம்'னு சொல்லுது, அதனால நிக்குது. இதுவும் அந்த மாதிரி ஒண்ணுதான். ஒடம்புகிட்ட 'இப்ப வேணாம்'னு சொல்றது.

வில்லியம்: கோழிய அடைல இருந்து எழுப்ப நாங்க தண்ணில முக்குவோம்.

வஜீஹா: பொம்பளைங்கள முக்க வேணாம் ஐயா. அதுவா சரியாயிடும்.

வில்லியம்: கோழி வேற, பொம்பள வேற. நீ பேச்சுல என்ன மடக்கற. சரி, இத்தச் சொல்லு. ஏற்கெனவே உள்ள தங்கியிருந்துச்சுன்னா? அத்த இது கொன்னுடுமா?

வஜீஹா: கொல்லாது.

வில்லியம்: பாத்து சொல்லு.

வஜீஹா: பாத்துதான் சொல்றேன். தங்கிட்டதுக்கு அப்புறம் இதப் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. கொழந்த பாட்டுக்கு வளரும். அதுக்கும் கெடுதல் வராது. கலைக்கற மாத்திரை வேற. அது டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தாத்தான். எல்லாரும் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கறாங்க.

கணேசமூர்த்தி: எல்லாம் ஒரே குட்டையில ஊறுனதுதான்.

வஜீஹா: நீங்க கணக்கு போடறீங்கன்னு சொன்னீங்க அண்ணாச்சி.

வில்லியம்: எங்க ஃபாதர் வேற மாரி சொல்வாரு.

வஜீஹா: கேட்டீங்களா அவர்கிட்ட?

வில்லியம்: அவரு கேக்காமயே சொல்வாரு. கேட்டா நிறுத்த மாட்டாரு.

வஜீஹா: உங்களுக்கு என்ன தோணுது?

வில்லியம்: எனக்கா? நீ விக்கறவ. விக்கறவ நல்லதுன்னுதான் சொல்லுவா. நானே அழுகின முட்டைய 'இன்னிக்கு வந்துது'ன்னு வித்துருக்கேன். ...பின்னால புள்ள வேணும்னு நெனச்சா? வயிறு கெட்டுப் போயிடாதே?

வஜீஹா: கெடாது. அடுத்த மாசமே உண்டாவலாம்.

வில்லியம்: ஒடம்புக்கு?

வஜீஹா: தல வலிக்கும், கொமட்டும், ரெண்டு நாள் அசதியா இருக்கும். இந்த தடவ மட்டும் தீட்டு முன்னப் பின்ன வரலாம். ரொம்பத் தள்ளிப் போச்சுன்னா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். ஏன்னா இது நூத்துக்கு நூறு தடுக்காது. முட்டை ஏற்கெனவே வெளிய வந்திருந்தா இதால ஒண்ணும் ஆவாது. அதான், மூணு நாள் வரைக்கும் போடலாம்னாலும் எவ்ளோ சீக்கிரம் போடறாங்களோ அவ்ளோ நல்லது.

வில்லியம்: நூத்துக்கு நூறு இல்லியா?

வஜீஹா: இல்ல.

வில்லியம்: பாத்தியா. இதுக்குத்தான் இந்தப் பாடு. நூத்துக்கு நூறு இல்லாத சரக்க தங்கம் மாரி பூட்டி வெச்சிக்கினு கீறான் இந்த ஆளு.

கணேசமூர்த்தி: நான் பூட்டி வைக்கல.

வில்லியம்: சரி, முழுங்கி ஒடனே வாந்தி எடுத்துட்டா?

வஜீஹா: எவ்ளோ நேரத்துல?

வில்லியம்: நுங்கம்பாக்கம் தாண்டல.

வஜீஹா: ரயில்லயா?

வில்லியம்: ஜன்னல் பக்கம் எடம் கெடச்சுது. நல்ல வேள. காலைல இருந்து ஒண்ணும் துன்னல. வெறும் வயித்துல போட்டிருக்கா.

கணேசமூர்த்தி: அப்ப ஒண்ணு ஏற்கெனவே முழுங்கியாச்சா? அது எந்தக் கடையில வாங்கினீரு?

வில்லியம்: கெடச்சுது. உன் கடைல இல்ல. நீ கணக்கு போடு.

வஜீஹா: அப்ப அது ஒடம்புல சேந்திருக்காது ஐயா. மறுபடி ஒண்ணு போடணும். இன்னிக்கே. வூட்டுக்குப் போன ஒடனே.

வில்லியம்: அதுக்குத்தான வந்தேன்.

வஜீஹா: மொத எதனா சாப்டச் சொல்லுங்க. இட்லி, ரஸம் சாதம், எதனா. கொஞ்ச நேரம் கழிச்சு மாத்திரை. அதுவும் நிக்காம உடனே வாந்தி வந்துச்சுன்னா, இன்னொண்ணு வாங்கி முழுங்கிட்டு இருக்காம நேரா ஒரு டாக்டரம்மாவப் பாக்கணும். வேற வழியும் இருக்கு, அவங்க சொல்வாங்க. அப்புறம், இது அவசரத்துக்குத்தான். அடிக்கடி தேவைப்படும்னா அதுக்கு தினம் போடற மாத்திரை, வேற வழியெல்லாம் இருக்கு. அதையும் கேட்டுக்கச் சொல்லுங்க.

வில்லியம்: 'அடிக்கடி'யா? அத்த நான் சொல்ல மாட்டேன். நீயே எழுதிக் குடு.

கணேசமூர்த்தி: பொண்டாட்டிகிட்டச் சொல்ல என்ன வே கூச்சம்?

வில்லியம்: புதுப் பொண்டாட்டி நைனா. அப்டித்தான் இருக்கும்.

வஜீஹா: இந்தாங்க. ரெண்டு அட்டை.

கணேசமூர்த்தி: கறுப்புக் கவர்ல போட்டுக் குடு. அதையாவது செய்யி. மாமிமாரு செருப்பு மாட்டுத சத்தம் கேக்கு.

வில்லியம்: கவரு வேணாம். கையிலயே எடுத்துக்கினு போறேன். பில்லு.

கணேசமூர்த்தி: பில்லு எதுக்கு வே? ரெண்டு அட்டைக்கு.

வில்லியம்: எனக்கு வேணும். அட்டைல போட்டிருக்கற வெல. அதுக்கு மேல டைக்காரன்கிட்ட நீ எவ்ளோ வாங்கினன்னு நான் கேக்கல.

வஜீஹா: பேரு என்னன்னு போடட்டும்?

வில்லியம்: வில்லியம். எஸ். வில்லியம். பக்கத்துல முட்டைக் கடைன்னு போடு. சாந்தோம்.

வஜீஹா: பேரு போடணும்னு அவசியம் இல்ல ஐயா.

வில்லியம்: எனக்கு அவசியம் கீது. எவனாவது நாளைக்கு, அந்த மாத்திரை எந்த வூட்டுக்குப் போச்சுன்னு கேட்டான்னா, வில்லியம் வூட்டுக்குப் போச்சு, வில்லியம்தான் வாங்கினான்னு இருக்கட்டும். எழுவத்தியொரு வயசுக் கெழவன் வாங்கினான். கைகொட்டி சிரிக்கட்டும். என்னப் பாத்து சிரிக்கட்டும்.

கணேசமூர்த்தி: உமக்கு மூள கலங்கிருச்சு... இரும், வீட்ல இருந்து போனு. சொல்லு வடிவு... ஆமா, கடையிலதான்... இல்ல, யாரோ ஒரு கிறுக்கன் வந்து... என்ன? யாரு சொன்னா? எதுத்த மாடி மாமியா? காலையில வந்த டீச்சரப் பத்தியா... இங்கன சத்தமா இருக்கு, நான் வெளிய வாரேன்... இல்ல வடிவு, நான் சொல்லுதத மொத கேளு...

வில்லியம்: பொண்டாட்டி கேக்கறா. கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்.

வஜீஹா: அந்த அக்கா நல்லாவே கேப்பாங்க. ...ஐயா, அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.

வில்லியம்: கேளு.

வஜீஹா: அவங்களுக்குப் புடிச்சுத்தானே? யாரும் கட்டாயப்படுத்தினாங்க, பயமுறுத்தினாங்கன்னு இல்லையே?

வில்லியம்: அத்த நான் மொத கேட்டேன். ரயில்ல இருந்து வந்து முன் ரூம்ல சுருண்டு படுத்தா பாரு, அப்பவே கேட்டேன். எவனாவது கைய வெச்சானா, பேர மட்டும் சொல்லுன்னேன். முட்டை ஒடைக்கறதுக்குத்தான் இந்தக் கைன்னு நெனச்சானான்னு.

வஜீஹா: என்ன சொன்னாங்க?

வில்லியம்: 'இல்லப்பா. எனக்கும் புடிச்சுது. ரொம்ப நாள் கழிச்சு சந்தோசமா இருந்தேன்பா'ன்னா. இன்னா பாக்கற?

வஜீஹா: ஒண்ணும் இல்ல ஐயா. நோராம்மா குடுத்து வெச்சவங்க.

வில்லியம்: நோரா கல்லறைக்குப் போயி ஆறு வருசம் ஆச்சு. அவ இருந்திருந்தா அவளே வந்திருப்பா. உங்க அண்ணாச்சி போர்டு இந்நேரம் தரைல கெடக்கும்.

வஜீஹா: யாரு, என்னன்னு கேக்கலியா நீங்க?

வில்லியம்: எனக்கு இதெல்லாம் புடிக்கல. சொல்ட்டேன் அவகிட்டயே. உன் புருசன் செத்த வூட்டுல இப்டி நடக்கறது எனக்குப் புடிக்கல, ஃபாதருக்குத் தெரிஞ்சா உன் ஸ்கூல் வேலையும் போவும்னேன். அதுக்கு அவ, 'நீ என்ன திட்டு, நான் கேக்கறேன். அந்தக் கடைக்காரன் திட்டினதத்தான் தாங்க முடியலப்பா'ன்னா. யாரு எவன்னு நான் கேக்கல. அவளா சொன்னா கேட்டுக்கறேன்.

வஜீஹா: சீக்கிரம் போங்க ஐயா. சாப்ட வெச்சு, மாத்திரையக் குடுங்க.

வில்லியம்: போறேன். நீ சொன்னதுல ஒண்ணக்கூட நான் நம்பல, அது வேற விசயம். முட்டையாம், 'இப்ப வராத'ன்னு சொன்னா கேட்டுக்குமாம். நீ கண்ணால பாத்தியா?

வஜீஹா: பாக்கல.

வில்லியம்: அப்பறம்? ...சரி, வரேன்.

வஜீஹா: ஐயா, ஒரு நிமிஷம். ஒரு அட்டைய கவுன்டர்லயே வெச்சிட்டுப் போறீங்க.

வில்லியம்: மறந்துட்டுப் போவல. அது உன்னுது. காலைல உங்க அண்ணாச்சிக்குத் தெரியாம ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும் ஓடி வந்து, உன் சொந்தப் பையில வெச்சிருந்தத என் பொண்ணு கையில திணிச்சியே, அதுக்கு. ரெனிட்டா சொன்னா, 'முக்காடு போட்ட ஒரு பொண்ணுப்பா, பேருகூட கேக்காம குடுத்துட்டுப் போயிட்டா'ன்னு. அது உனக்கு எதுக்குன்னு நானும் கேக்கல, உள்ள எடுத்து வையி. ஆனா அந்த முட்டைக் கதைய மட்டும் நான் இன்னும் நம்பல, ஆமா.